பிள்ளைக்குத் தூண்டில் ரீல் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக்கூடாது. பள்ளிக்கூட விடுமுறையும் அதற்குள்தான் வரும். அந்த நாட்களில் சாயங்காலம் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் போனால், புதுத் தூண்டில் ராடும் (கம்பு), அதில் தூண்டில் நரம்பை (நூலை) சுற்றி இழுக்கும் ரீலுமாகப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கும் அப்பாக்களைப் பார்க்கலாம். தூரத்திலிருந்து பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். பக்கத்தில் போய் அந்த ரீலைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. பல வருடங்களுக்கு முன்னால் நான் வாங்கிக் கொடுத்த அதே ரீலை இன்னொரு சின்னக் கை தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும்.

வீசுமுன் பின்னால் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது, பிள்ளையைக் கரையில் தனியாக விடாமல் இருப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். ரீலுக்கு வருகிறேன்.

“வளர்ற பிள்ளைதானே” என்று பெரிதாக வாங்குவது

பள்ளிச் சீருடையை ஒரு சுற்றுப் பெரிதாகத் தைப்பது நம் வீடுகளில் வழக்கம். கை நீளமாக இருந்தால் மடித்துவிடலாம். அதே கணக்கைத்தான் ரீலுக்கும் போட்டேன். மகளுக்கு அப்போது ஏழு வயது. 6000 எண் ரீல் (எண் கூடக் கூட ரீல் பெரிது), எட்டடி ராடு. பாறை மீன் அடித்தாலும் தாங்கும், பெரியவளானாலும் வைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். ரீல் மட்டுமே அரைக் கிலோவுக்கு மேல்.

இந்த வகை ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது ஆட்காட்டி விரலால் நரம்பை மடக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கம்பி வளையத்தைத் திறக்க வேண்டும். ராடு முன்னால் வரும் நேரம் பார்த்து விரலை விட வேண்டும். என் மகளின் விரல் நரம்புக்கு எட்டவே இல்லை. ஒரு கையால் ராடைத் தூக்கவும் முடியவில்லை. அடிக்கட்டையை வயிற்றில் முட்டுக் கொடுத்து நின்றாள். ஈயக்குண்டு காலடியிலேயே விழுந்தது. வீசுவதை நானே செய்து, ராடைப் பிடித்துக்கொள்ளும் வேலையை மட்டும் அவளுக்குக் கொடுத்தேன். “அப்பா, கை வலிக்குது” என்றாள். கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ என்றேன். மூன்றாவது சாயங்காலம் ராடை என்னிடம் கொடுத்துவிட்டுச் சிப்பி பொறுக்கப் போனவள், அதற்கப்புறம் இரண்டு வருடம் தூண்டில் பக்கமே வரவில்லை. ரீலுக்குப் போன காசைவிட அந்த இரண்டு வருடம்தான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. கரையோரத்தில் பிள்ளைக்குக் கிடைப்பது கிழங்கான், முரல், சின்னச் செப்பிலி. சாண் நீள மீன் கொத்துவது தடித்த ராடில், கனத்த ரீலில் கைக்கு வந்து சேராது. அந்த வெடுக் கைக்குத் தெரிந்தால்தான் பிள்ளை மறுநாளும் கிளம்பும்.

போன மே மாதம் ஒருத்தரிடம் இதையெல்லாம் சொன்னேன். “ரெண்டு வருசத்துல கை பெருசாயிரும்ணே” என்றார். அவர் பையன் பக்கத்தில் நின்று மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கோபம்தான் வந்தது.

ஆறேழு வயதுக்கு மேல் 1000 அல்லது 2000 எண் ரீல், ஐந்து முதல் ஐந்தரை அடி ராடு போதும். 1000 ரீல் சுமார் 200 கிராம்தான் இருக்கும். ஆனால் ஒரு கம்பெனியின் 2000 இன்னொன்றின் 2500 அளவுக்கு இருக்கும், எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப் போய், ரீலை ராடில் மாட்டி, ரீலின் காலை (ராடில் மாட்டும் தண்டை) விரல்களுக்கு நடுவில் விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆட்காட்டி விரல் ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) விளிம்பைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் அதை வாங்காதீர்கள், கடைக்காரர் என்ன விலை குறைத்தாலும் சரி.

சின்ன ரீல் காற்றுக்கு நிற்குமா என்று கேட்பார்கள். தென்மேற்குக் காற்று ஏறினால் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் கரை அடங்கியிருக்கும். வாடை அடிக்கும் மாதங்களில் அப்படியே மாறும். மண்டபத்தில் இரண்டு கடலும் நடக்கிற தூரம்தானே, அடங்கிய பக்கம் போய் நில்லுங்கள். அங்கே 10 கிராம் ஈயம் போதும். அதை வீச 6000 ரீல் எதற்கு?

டிராக்கை இறுக்கி வைப்பது

பெரிய மீன் அடித்தால் சின்ன ரீல் போய்விடும் என்ற பயத்துக்குப் பதில் டிராக்கில், அதாவது ஸ்பூலின் பிடியை இறுக்கித் தளர்த்தும் திருகில் இருக்கிறது. மீன் பலமாக இழுத்தால் ஸ்பூல் வழுக்கி நரம்பை விட்டுக்கொடுக்கும். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பது வழக்கம். 0.25 மி.மீ. நைலான் நரம்பென்றால் ஏறக்குறைய ஒரு கிலோ. தராசு வேண்டாம். நிறைந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நரம்பு நுனியில் கட்டி, நரம்பு ஸ்பூலிலிருந்து நேராகத் தொங்கும்படி ரீலைப் பிடித்துத் தூக்குங்கள். பாட்டில் எழும்பும்போது டிராக் மெல்ல வழுக்கினால் சரி.

நரம்பு வெளியே ஓடும்போது கைப்பிடியைச் சுற்றக்கூடாது என்பதையும் அன்றைக்கே சொல்லிக்கொடுங்கள். சுற்றச் சுற்ற நரம்பு முறுக்கேறும், அடுத்த வீச்சில் சிக்கிக்கொள்ளும்.

பின்னல் நரம்பு

சின்னக் கைக்கு வேண்டாம். விரலை அறுக்கும்.

ஸ்பூலை விளிம்பு வரை நிரப்புவது

2 மி.மீ. குறைத்துச் சுற்றுங்கள்.

கைப்பிடி எந்தப் பக்கம் என்று நாமே முடிவு செய்வது

பெரும்பாலான ஸ்பின்னிங் ரீல்களில் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டலாம். இரண்டு பக்கமும் சுற்றிப் பார்க்க விடுங்கள், பிள்ளையே சொல்லும்.

பட்டன் ரீலை உப்புக் காற்றில் மறந்துவிடுவது

ஐந்தாறு வயதுக்குப் பட்டனை அழுத்தி வீசும் மூடி போட்ட ரீல் சுலபம்தான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவற்றில் பல நன்னீருக்கென்று செய்தவை. மூடிக்குள் உப்பு தங்கினால் வெளியே தெரியாது. ஒவ்வொரு தடவையும் மூடியைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும். அதற்கும் சின்னப் பிள்ளைக்கு ரீலே வேண்டாம். பாட்டிலில் நரம்பைச் சுற்றிக் கைத்தூண்டில் கொடுங்கள். மீன் கொத்துவது நேராக விரலுக்கே வரும்.

கழுவுவது

ஸ்பின்னிங் ரீலை வாளியில் முக்காதீர்கள், குழாயைப் பீய்ச்சவும் வேண்டாம். உப்பு உள்ளே போய்விடும். டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றித் துடைத்து, பிறகு டிராக்கைத் தளர்த்தி நிழலில் காயவையுங்கள். என் மகளுக்கு ஒன்பது வயதில் வாங்கிய 1000 ரீல் இப்படித்தான் தங்கியது. இப்போது என் தங்கச்சி மகன் அதை வைத்துக் கிழங்கான் பிடிக்கிறான்.