ஓர் அங்குலப் பாய், ஏழடிப் படம்

பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் நுண்ணோக்கிதான் துணை. பத்தமடைப் பாயில் ஓர் அங்குலத் துண்டை ஏழடி அகலத்துக்கு அச்சிட்ட முறையைச் சொல்கிறேன்.

நான்கு மடங்கு லென்ஸில் ஒரே நேரத்தில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 0.055 மில்லிமீட்டர். கோரையோ பாவு நூலுக்கு (நீளவாக்கில் ஓடும் நூல்) மேலே ஏறியும் கீழே இறங்கியும் கிடக்கிறது. அதனால் ஒவ்வோர் ஆழத்தையும் தனித்தனியாக எடுத்துப் பிறகு சேர்க்க வேண்டும். துண்டைக் கண்ணாடியில் பசை வைத்து ஒட்டுங்கள். இரண்டு எல்.இ.டி. விளக்குகளைப் பட்டர் பேப்பர் வழியாக மேலிருந்து காட்டுங்கள். தெளிவு விழும் ஆழத்தை மாற்றும் என் நுண்திருகில் ஒரு கோடு 2 மைக்ரான், அதாவது 0.002 மில்லிமீட்டர். 20 கோட்டுக்கு ஒரு படம் வீதம் உச்சியிலிருந்து அடிவரை 20 படங்கள். மின்விசிறி ஓடக் கூடாது. வெயில் நாளில் இது தவம்.

பிறகு துண்டு இருக்கும் நுண்ணோக்கி மேடையைப் பக்கவாட்டில் 4 மில்லிமீட்டர் நகர்த்தி, திருகை முதல் கோட்டுக்கே கொண்டுவந்து மறுபடி 20. ஆறு பத்தி, நான்கு வரிசை: 480 படங்கள். வெளிச்ச அளவையும் வெள்ளைச் சமநிலையையும் கையால் பூட்டிவிடுங்கள். முதல் தடவை நான் தானியங்கியில் விட்டதில், படம் ஒட்டுப்போட்ட சாரம் (லுங்கி) போல வந்தது.

அடுக்குவது முதலில், ஒட்டுவது பிறகு: ஓர் இடத்தின் 20 படங்களையும் முழுக்கத் தெளிவான ஒரே கட்டமாக்குவது அடுக்குவது; அந்தக் கட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்ப்பது ஒட்டுவது. அடுக்கும் மென்பொருளான ஜெரீன் ஸ்டாக்கரில் படத்தின் அளவை மாற்றும் தேர்வை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் 24 கட்டங்களும் மயிரிழை வித்தியாசத்தில் பெரிதும் சிறிதுமாகி, ஓரங்களில் நூல் முறியும். ஒட்டுவதற்கு ஹகின் என்ற இலவச மென்பொருள் போதும். கேமரா நின்ற இடத்தில் திரும்பியதாகத்தான் அது நினைத்துக்கொள்ளும்; இங்கே நகர்ந்தது மேடை. எனவே இடப்பெயர்ச்சியைக் கணக்கிடச் சொல்லுங்கள்.

அச்சைப் பத்தமடையில் பாய் நெய்யும் அக்கா ஒருவரிடம் பெருமையாக விரித்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. "அண்ணாச்சி, இங்கே ஒரே கோரை இரண்டு தடவை வந்திருக்கிறதே?"

உண்மைதான். கோரைகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதால், மென்பொருள் அடுத்த கோரையை இதுவென்று நம்பி ஒட்டிவிட்டது. நெசவு எதற்கும் இந்த ஆபத்து உண்டு. இப்போது அடுத்தடுத்த கட்டங்கள் அதிகம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி, வரிசைக்கு வரிசை 2.7 மில்லிமீட்டருக்குப் பதில் 2 மட்டுமே நகர்த்துகிறேன். வரிசை கூடினாலும் பரவாயில்லை. இரண்டு கட்டங்களிலும் ஒரே இடம் எது என்று காட்டும் இணைப்புப் புள்ளிகளைக் கோரையின் கறை, கீறல் பார்த்து நானே வைக்கிறேன்.

இரண்டாவது அச்சை நகத்தால் கோரை கோரையாக எண்ணிப் பார்த்த பிறகுதான் அந்த அக்கா தேநீர் கொடுத்தார்.