சுகர் கிளைடர்: காலைப் பார்த்து வாங்கு, கால்சியம் பார்த்துத் தீனி போடு

சுகர் கிளைடர் அணில் இல்லை. கங்காருவுக்கு உறவான, ஆஸ்திரேலியா, நியூகினி காடுகளில் மரத்துக்கு மரம் மிதந்து தாவி வாழும் பைப்பாலூட்டி. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ யாராவது கூண்டில் வைத்து விலை சொன்னால் ரோமத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், பின்னங்காலைப் பாருங்கள். நம் மலையிலும் பறக்கும் அணில் உண்டு. அதன் குட்டியை இந்தப் பெயரில் தலையில் கட்டிவிட்டால், வனவிலங்குச் சட்டப்படி வாங்கியவரும் மாட்டுவார்.

உச்சிவேளையில் அது துணிப்பைக்குள் சுருண்டு தூங்கும். சோதிக்க அதுதான் நேரம். பையோடு சேர்த்துக் கைக்குள் அடக்கி, ஒரு பின்னங்காலை மட்டும் வெளியே எடுங்கள். மிஷின் ஓடுவதுபோல் கரகரவென்று கத்தும்; பயம்தான், விட்டுவிடாதீர்கள். பின்னங்கால் பெருவிரலில் நகம் இருக்காது, நம் கட்டைவிரல்போல் விலகி நிற்கும். அதற்கடுத்த இரண்டு விரல்களும் ஒட்டிப் பிறந்து, நுனியில் மட்டும் இரு நகம் காட்டும். ரோமத்தைச் சீவிக்கொள்ளும் சீப்பு அதுதான். பறக்கும் அணிலுக்கு இந்த இரண்டும் கிடையாது. முன்னங்காலிலும் நான்கு விரல்தான், கிளைடருக்கு ஐந்து. பறக்கும் தோல் கிளைடருக்கு முன்னங்கால் சுண்டுவிரலிலிருந்து தொடங்கும், அணிலுக்கு மணிக்கட்டிலிருந்து.

ஆண், பெண் தெரிய வயிற்றைப் பாருங்கள். பெண்ணுக்கு நடுவயிற்றில் சிறு கீறல்போல் பையின் வாய். வளர்ந்த ஆணுக்கு உச்சந்தலையில் வட்டமாக ஒரு வழுக்கை. அது வாசனைச் சுரப்பி. ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகளில் இதை 1.2.0 என்று குறிப்பார்கள்: ஒரு ஆண், இரண்டு பெண், பாலினம் தெரியாதது ஏதுமில்லை. வீட்டு நோட்டிலும் அப்படியே எழுதலாம்.

இனம் சொல்வது இதைவிடக் கடினம். 2020-ல் சுகர் கிளைடரையே மூன்று இனமாகப் பிரித்துவிட்டார்கள். கண்ணால் பார்த்து உறுதி சொல்ல வழியில்லை. இதன் உறவான ஸ்குவிரல் கிளைடர் என்ற வேறு இனம் மட்டும் தனியாகத் தெரியும்: எடை 200 கிராமுக்கு மேல், அடிவயிறு வெள்ளை, வாலின் அடி புசுபுசுவென்றிருக்கும். சுகர் கிளைடர் 160 கிராமைத் தாண்டுவது அபூர்வம். இரண்டையும் ஒரே கூண்டில் விடாதீர்கள்.

கூண்டு குறைந்தது 60 செ.மீ. அகலம், 60 ஆழம், 90 உயரம். கம்பி இடைவெளி 1.25 செ.மீ.-க்கு மேல் போனால் குட்டி நழுவிவிடும். குளச்சல், முட்டம் பக்கத்துக் கடல்காற்றில் சாதா வலை சீக்கிரம் துருப்பிடிக்கும். பவுடர் கோட்டிங் செய்ததை வாங்குங்கள். ஏற கொய்யாக் கொம்பு நல்லது. கொல்லாமா (முந்திரி), ரப்பர், அரளி எதுவும் வேண்டாம்; அவற்றின் பாலும் பிசினும் ஆகாது. துணிப்பையில் நூல் பிரிந்து தொங்கினால் நகம் சிக்கி, இழுத்து இழுத்தே கால் வீங்கும். வாரம் ஒருமுறை பையை உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள். ஐரோப்பாவில் சூடேற்ற விளக்கு வைக்கிறார்கள், நமக்கு எதிர்ப்பாடு: 24 முதல் 27 டிகிரி போதும். ஷீட் போட்ட மாடி அறை சித்திரையில் கொன்றுவிடும்.

பெரும்பாலும் சாவது தீனியால். மட்டிப்பழமும் சக்கைச்சுளையும் கொடுத்தால் ஆசையாகத் தின்னும், கொடுப்பவருக்கும் சந்தோஷம். பழத்தில் கால்சியம் குறைவு, உடம்பு அதை எலும்பிலிருந்து உருவும், கடைசியில் பின்னங்கால் இழுத்துக்கொள்ளும். கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்பது கணக்கு. லெட்பீட்டர் கலவை என்ற தேன்–முட்டைத் தீனி இப்படி: வெதுவெதுப்பான நீர் 150 மி.லி., தேன் 150 மி.லி., ஓடு நீக்கிய அவித்த முட்டை 1, புரதம் கூடிய குழந்தை உணவுத் தூள் 25 கிராம், வைட்டமின்–தாதுத் தூள் 1 தேக்கரண்டி. மார்த்தாண்டம் தேன் தாராளமாக ஆகும். தேனை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, முட்டையை மசித்து, கட்டியில்லாமல் அடித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நாளுக்கு மேல் வேண்டுமானால் ஐஸ் தட்டில் உறையவிடலாம்.

ஒரு நாள் தீனி உடல் எடையில் 15 முதல் 20 சதவீதம். 120 கிராம் பிராணிக்கு 18 முதல் 24 கிராம். அதில் பாதி இந்தக் கலவை, மறுபாதி கால்சியம் தூவிய பூச்சி போன்ற புரதத் தீனி. மருந்தடித்த வாழைத்தோட்டத்து வெட்டுக்கிளி ஆகாது. பழம் ஒரு துண்டு, ருசிக்கு மட்டும். அந்தியில் சிரட்டையில் வையுங்கள், விடிந்ததும் எடுத்துவிடுங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் புளித்துவிடும். எறும்பு வராமலிருக்கக் கூண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

ஒன்றை மட்டும் தனியாக வளர்க்கவே வேண்டாம். தன் வாலையே கடித்துக் குதறும். ஆணும் பெண்ணும் என்றால் ஆணுக்குக் கருத்தடை செய்துவிடுங்கள். கர்ப்பம் 15–17 நாள்தான், பிறகு அரிசிமணி அளவுக் குட்டி பைக்குள் சுமார் 70 நாள் இருக்கும். பை புடைக்கும்வரை உங்களுக்குத் தெரியவே தெரியாது.

முதுகுத் தோலைக் கிள்ளி விட்டதும் உடனே படியாமல் நின்றால் நீர்ச்சத்து வற்றியிருக்கிறது. அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்கள். பின்னங்கால் இழுத்தாலும் அப்படித்தான். போகும்வரை உயரக் கூண்டில் விடாமல், மெத்தென்று துணி விரித்த தட்டைப் பெட்டியில் வையுங்கள்.