ஏர் ரைஃபிள் ட்ரிகர் லாக் ஆகலையா? அரத்தை எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

ஏர் ரைஃபிளை வீட்லயே பிரிச்சு ஸ்பிரிங் மாத்தி திரும்ப பூட்டுறவங்க அடிக்கடி சொல்ற கம்ப்ளெயின்ட் இது: பேரலை மடக்குனா ட்ரிகர் பிடிக்க மாட்டேங்குது, இல்ல ஒரு தடவை பிடிச்சு அடுத்த தடவை வழுக்குது. உடனே ட்ரிகர் மேல பழியப் போட்டு ஸீரை (பிஸ்டனைப் பிடிச்சு நிறுத்துற கொக்கி) அரத்தால ராவ ஆரம்பிச்சுடுவாங்க. பெரும்பாலும் ட்ரிகர் பாவம், அது மேல தப்பே இருக்காது. (ஸ்பிரிங் பிஸ்டன் ஏர் ரைஃபிள் பத்தி மட்டும்தான் சொல்றேன், நிஜ துப்பாக்கிய லைசென்ஸ் இல்லாம செய்யறது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம், அந்தப் பக்கமே போகாதீங்க.)

பேரலை மடக்கும்போது அதோட சேர்ந்த லிங்க் கம்பி பிஸ்டனை பின்னாடி தள்ளும், ஸ்பிரிங் அமுங்கும், கடைசில பிஸ்டன்ல இருக்குற வெட்டுல ஸீர் போய் விழுந்து டக்குன்னு கேக்கும். பிஸ்டன் அந்த இடம் வரைக்கும் வரவே இல்லன்னா ஸீர் எதைப் பிடிக்கும்?

இங்கதான் முதல் தப்பு. பவர் வேணும்னு நீளமான, தடிச்ச கம்பி ஸ்பிரிங்கைப் போடுறது, பத்தாததுக்கு பின்னாடி ரெண்டு வாஷர் வேற. சுத்து எண்ணிக்கையை கம்பி தடிமனால பெருக்கிப் பாருங்க, 3 மிமீ கம்பில 33 சுத்துன்னா 99 மிமீக்கு கீழ அது அமுங்கவே அமுங்காது, காக் ஆன நிலைல (அதாவது ஸீர் பிஸ்டனைப் பிடிச்சு நிக்கிறப்ப) உள்ள 95 மிமீ தான் இடம்னா சுத்து எல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டி நின்னுடும், அதுக்கு மேல முக்கி இழுத்தா வளையறது லிங்க்தான். பேரல் பாறைல முட்டுன மாதிரி நின்னா சந்தேகமே இல்ல, ஸ்பிரிங்தான். இன்னொண்ணு, இந்தியால 2016 ஆயுத விதிகள் படி பேரலோட துளை .177 இன்ச்சுக்கு மேல போகாம, சுடுற சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தாத்தான் லைசென்ஸ் வேண்டாம், அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

உறுதி பண்ண சுலபமான வழி, ஸ்பிரிங் இல்லாம பிஸ்டனை மட்டும் போட்டு பூட்டி மெதுவா காக் பண்ணுங்க. ஸீர் நேரா பிஸ்டனைப் பிடிக்கிற சாதா மாடல்ல டக்குன்னு விழுந்தா ட்ரிகர் ஓகே. ஆனா ஸ்பிரிங்கைக் கழட்டும்போது கார்பென்டர் கிளாம்ப் இல்லாம பின்பக்க பின்னை உருவாதீங்க, காக் பண்ணாத நிலைலயே ஸ்பிரிங் அழுத்தத்துலதான் இருக்கும், மூஞ்சிலதான் வந்து அடிக்கும்.

அரம் போடுறதப் பத்தி: பல ரைஃபிள்ல ஸீரோட மேல்பரப்பு மட்டும்தான் கடினப்படுத்தின ஸ்டீல், அந்த லேயர் ரொம்ப மெலிசு. ராவினா அது போயிடும், உள்ள இருக்குற மெத்து இரும்பு சீக்கிரம் உருண்டு போகும். அன்னிக்கு ட்ரிகர் வெண்ணெய் மாதிரி இருக்கும், அப்புறம் ஒருநாள் யாரும் தொடாமலே சுடும். தேஞ்சிருந்தா புது ஸீர் வாங்கிப் போடுங்க, அவ்ளோதான்.

ட்ரிகர் முன்னாடி திரும்பி வராம தொளதொளன்னு ஆடுதுன்னா அது வேற கதை. ரிட்டர்ன் ஸ்பிரிங்கோட கால் சரியான பக்கம் உக்காந்திருக்கான்னு பாருங்க, பழைய கிரீஸ் பிசின் மாதிரி இறுகியிருந்தா மண்ணெண்ணெய்ல கழுவுங்க. பலபேர் கவனிக்காதது ட்ரிகர் கார்ட் ஸ்க்ரூ, தொலைஞ்சு போச்சுன்னு கொஞ்சம் நீளமானத போட்டா அதோட முனை உள்ள போய் ட்ரிகரை முட்டும். ஸ்டாக்கை (தோள்ல வெச்சுப் பிடிக்கிற கட்டை) கழட்டிப் பாத்தா தெரிஞ்சிடும், ஆனா அப்படியே காக் பண்ணாதீங்க, சில மாடல்ல ட்ரிகர் பின் கழண்டு விழாம பிடிச்சிருக்கிறதே ஸ்டாக் மரம்தான்.

காக் பண்ணினதும் பேரல் மூடாம ட்ரிகர் வேலை செய்யாதபடி தடுக்குற ஒரு லிவர் சில மாடல்ல உண்டு, அது இடைஞ்சலா இருக்குன்னு கழட்டிப் போடுறது சுத்த முட்டாள்தனம். பெல்லட் போடும்போது ஸீர் வழுக்கினா பேரல் படார்னு மூடும், விரல் உள்ள இருந்தா போச்சு. லிவர் இருந்தாலும் இல்லனாலும் பெல்லட் போடுறப்ப ஒரு கை பேரலை கெட்டியா பிடிச்சிருக்கணும்.

எல்லாம் பூட்டின பிறகு வெறும்னே சுட்டுப் பாக்காதீங்க, பிஸ்டன் நேரா முட்டி சீல் கெட்டுப் போகும். பெல்லட் போட்டு, பேரலை மூடி, பெல்லட்டைத் தாங்குற தடுப்பைப் பாத்து ரைஃபிளை வெச்சுக்கிட்டு ஸ்டாக்கோட பின்பக்கத்தை ரப்பர் சுத்தியால லேசா தட்டுங்க. தானா சுட்டுச்சுன்னா திரும்பப் பிரிங்க, இல்ல மெக்கானிக்கிட்ட குடுத்துடுங்க.