கோர்ட் தீர்ப்போடு முடிவதில்லை: யூத விவாகரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க்கில் ஒரு யூதத் தம்பதிக்குச் சிவில் கோர்ட் விவாகரத்து கொடுத்துவிட்டது என்று வையுங்கள். வீடு யாருக்கு, பிள்ளைகள் யாரோடு என்பதும் முடிவாகிவிட்டது. ஆனாலும் ஆர்த்தடாக்ஸ் (பழைய மரபைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் பிரிவு) யூத மதச் சட்டப்படி அவர்கள் இன்னும் கணவன் மனைவிதான். திருமணத்தை முறிப்பது ‘கெட்’ எனப்படும் பத்திரம். தமிழ் பைபிளில் உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் ‘தள்ளுதலின் சீட்டு’ என்று வருகிறதே, அதன் தொடர்ச்சிதான் இது. கோர்ட் தீர்ப்பே போதும் என்று இருந்துவிடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே.

அதன் விலை பெண்ணுக்குத்தான் அதிகம். கெட் வாங்காமல் அவள் மறுமணம் செய்தால், அந்த மணத்தில் பிறக்கும் பிள்ளை ‘மம்சேர்’ ஆகிவிடும். மற்ற யூதர்களைப் போல விரும்பியவரை மணக்க அதற்கு உரிமை இல்லை. கணவனுக்கு இன்னொரு பெண்ணிடம் பிறக்கும் பிள்ளைக்கு, அவள் மணமாகாதவளாக இருந்தால், இந்தத் தடை கிடையாது. அநியாயம்தான், ஆனால் சட்டம் அப்படி. “நாங்கள் சீர்திருத்தப் பிரிவு, எங்களுக்கு எதற்குக் கெட்?” என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்கச் சீர்திருத்தப் பிரிவு பொதுவாகச் சிவில் விவாகரத்தையே ஏற்கிறது. ஆனால் நாளைக்கு இஸ்ரேலில் மறுமணம் என்று வந்தால்? 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே யூதர்களின் திருமணமும் விவாகரத்தும் ரபிகளின், அதாவது யூத மதகுருக்களின், நீதிமன்றத்தின் கையில்.

அந்த நீதிமன்றமே (பேத் தின்) விவாகரத்து கொடுத்துவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. அது மேற்பார்வை மட்டுமே பார்க்கும். கணவன் மனமார கெட்டைக் கொடுக்க வேண்டும், மனைவி வாங்க வேண்டும். மனைவியின் சம்மதம் இல்லாமல் தள்ளிவிடக் கூடாது என்று சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் ரபேனு கெர்ஷோம் என்ற மதகுரு தடை விதித்தார்.

எழுதுவதிலும் அச்சடித்த படிவத்தை நிரப்பும் பேச்சே இல்லை. எழுத்தர் தன் இறகுப் பேனாவையும் மையையும் தாளையும் முதலில் கணவனுக்கே பரிசாகக் கொடுத்துவிடுவார். கணவன் அவற்றைத் திருப்பிக் கொடுத்து, “இன்ன பெயருடைய என் மனைவிக்காக எழுது” என்று சொல்ல வேண்டும். 12 வரிகள், பெரும்பாலும் அரமேய மொழியில். ஊர்ப் பெயரோடு அங்கே ஓடும் ஆறும் குறிக்கப்படும். வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரைச் சொல்ல மறந்தாலே சிக்கல், ஆகவே எல்லாப் பெயர்களையும் முன்கூட்டியே எழுதிக் கொண்டுபோவது நல்லது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டதும், மனைவி மோதிரத்தைக் கழற்றிவிட்டு இரு கைகளையும் குவித்து நீட்டுவாள். கணவன் அதில் பத்திரத்தைப் போடுவான். அவள் அதை எடுத்துக்கொண்டு சில அடி நடப்பாள். அப்புறம் ரபி அதைக் கிழித்து வைத்துக்கொள்வார். அவள் கைக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழ் மட்டும், அதைத் தொலைக்கக் கூடாது. நேரில் முகம் பார்க்கப் பிடிக்காவிட்டால் தூதர் மூலமும் கெட்டைச் சேர்க்கலாம். மறுமணத்துக்கு அவள் சுமார் 3 மாதம் காத்திருக்க வேண்டும்.

கெட்டைக் கடைசி வேலையாகத் தள்ளிப்போடுவதுதான் என் பார்வையில் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. சொத்துத் தகராறு சூடாக இருக்கும்போது கெட் ஒரு துருப்புச்சீட்டு ஆகிவிடுகிறது: “வீட்டை விட்டுக்கொடு, தருகிறேன்.” அப்படிச் சிக்கிக்கொள்ளும் பெண்ணை ‘அகுனா’, கட்டுண்டவள், என்பார்கள். நியூயார்க்கின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் மறுமணத்துக்கான தடைகளை நீக்கச் சொன்னாலும், அது முதன்மையாக வழக்குப் போட்டவரைத்தான் கட்டுப்படுத்துகிறது. மறுத்து நிற்கும் கணவன் எதிர்த்தரப்பில் இருந்தால் பிடி தளர்ந்துவிடும். திருமணத்துக்கு முன்பே, கெட் கிடைக்கும்வரை நாளொன்றுக்கு இவ்வளவு ஜீவனாம்சம் என்று கணவன் எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் அமெரிக்க ஆர்த்தடாக்ஸ் வட்டாரத்தில் புழக்கத்தில் இருக்கிறது. கல்யாணப் பேச்சிலேயே விவாகரத்தா என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு, அவர்களிடம் சொல்லிப் பயனில்லை.

ஆள் வைத்து அடித்து வாங்குவது? செல்லாது. அப்படிக் கடத்தி மிரட்டிய கும்பலை 2013இல் அமெரிக்காவில் எஃப்பிஐ பிடித்தது, 2015இல் தண்டனையும் கிடைத்தது. நெருக்கடி கொடுப்பதென்றால் முறைப்படி நீதிமன்றம்தான் கொடுக்க வேண்டும். இஸ்ரேலில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் மறுக்கும் கணவனின் ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு ஆகியவற்றில் கைவைக்கவும், அவனைச் சிறையில் அடைக்கவும் அனுமதிக்கிறது.

கோபத்தில் பிரிந்துவிட்டு, பிறகு சேர்ந்துகொள்ளலாம் என்று கெட்டை முடித்துவிடுவது இன்னொரு தவறு. கணவன் கோஹேன் எனப்படும் பழைய கோயில் ஆசாரியர் (பூசாரி) வம்சம் என்றால், விவாகரத்தான பெண்ணை மணக்க அவனுக்கு அனுமதி இல்லை, அவள் தன் பழைய மனைவியாக இருந்தாலும். மற்றவர்களிலும், இடையில் அவள் வேறொருவரை மணந்திருந்தால் முதல் கணவனிடம் திரும்ப வழியில்லை.