குட்டிப் பசங்க இருக்குற வீட்ல க்ளீனிங் பண்றப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்ல தவழுற புள்ளையோ இப்பத்தான் தத்தித்தத்தி நடக்க ஆரம்பிச்ச புள்ளையோ இருந்தா எல்லாத்தையும் சுத்தமா வச்சுக்கணும்ங்குற பதட்டம் தானா வந்துடும், அந்தப் பதட்டத்துல நாம பண்ற முதல் வேலை கடைக்குப் போய் இன்னும் ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வர்றது. தரைக்கு ஒண்ணு, பாத்ரூமுக்கு ஒண்ணு, கண்ணாடிக்கு ஒண்ணு, புள்ளையோட பொம்மைக்குன்னு தனியா ஒண்ணு. மாசச் செலவுல இதுக்கே ஒரு தொகை போயிடுது. ஆனா சின்னப் பசங்க இருக்குற வீட்ல அழுக்கை விட, அந்த அழுக்கை எடுக்க நாம வாங்கி அடுக்குற சாமான்தான் பல நேரம் பெரிய ஆபத்து. வாங்குறத குறைச்சா காசும் மிச்சம், புள்ளைக்கும் நல்லது. அதனால இத செய்ங்கன்னு சொல்றத விட எதையெல்லாம் நிறுத்தணும்னு சொல்றேன்.

முதல்ல இந்த பினாயில் விஷயம். தெருவுல வண்டியில வச்சு "பினாயில், ஆசிட், சோப்பாயில், பிளீச்சிங் பவுடர்"னு கூவிட்டு வருவாங்க, கடை விலையை விட ரொம்ப கம்மி, நாமளும் வீட்ல கிடக்குற பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில், வாட்டர் பாட்டில கொண்டு போய் நீட்டி ஊத்திட்டு வர்றோம். தவறு இங்கதான் ஆரம்பிக்குது. வெள்ளை பினாயில தண்ணியில கலந்தா பால் மாதிரியே இருக்கும், ஆசிட் பாக்க தண்ணியா இருக்கும், சில ஃப்ளோர் க்ளீனர் கலர் கலரா ஜூஸாட்டம் இருக்கும். ரெண்டு வயசு புள்ளைக்கு பாட்டிலோட வடிவம்தான் தெரியும், உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. அந்த பாட்டில்ல ஜூஸ் குடிச்ச ஞாபகம் இருந்தா எடுத்து வாயில வச்சுடும். வண்டியில வாங்குறதே வேணாம்னு நான் சொல்லல, ஆனா குடிக்கிற பாட்டில்லயோ சாப்பாட்டு டப்பாலயோ வாங்கவே வாங்காதீங்க. முன்ன வாங்கின க்ளீனர் காலி பாட்டில், குழந்தை திறக்க முடியாத மூடி உள்ளதா பாத்து எடுத்து வச்சு அதுல அதே பொருளை மட்டும் ஊத்துங்க, மேல பேப்பர் ஒட்டி பெரிய எழுத்துல பேரு எழுதுங்க. வைக்கிற இடம் சிங்க்குக்கு கீழயோ பாத்ரூம் மூலையிலயோ கூடாது, பெரியவங்க கைய தூக்கி எடுக்குற உயரத்துல இருக்கணும், கதவு போட்ட அலமாரியா இருந்தா இன்னும் நல்லது. வீட்ல மண்ணெண்ணெய், தின்னர் வச்சிருக்கவங்களுக்கும் இதேதான்.

அப்படியும் ஒருவேளை புள்ள குடிச்சிட்டா, நம்ம ஊர்ல உடனே பண்றது தொண்டையில விரல விட்டு வாந்தி எடுக்க வைக்கிறது, இல்லன்னா உப்புத் தண்ணி கரைச்சு குடுக்குறது. இது ரெண்டும் கூடாது. ஆசிட் உள்ள போறப்போ ஒரு தடவ சுட்டுருக்கும், வாந்தியில வெளிய வர்றப்போ மறுபடியும் சுடும். மண்ணெண்ணெய், பினாயில்லாம் வாந்தியோட நுரையீரலுக்குள்ள போயிடுச்சுன்னா வயித்துல இருக்குறத விட மோசமாயிடும். வாயில ஒட்டியிருக்குறத துடைச்சு விட்டுட்டு, குடிச்ச பாட்டிலயும் கையில எடுத்துட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க, வண்டி இல்லன்னா 108க்கு அடிங்க. கண்ணுலயோ தோல்லயோ பட்டிருந்தா முதல்ல ஓடுற குழாய்த் தண்ணியில ஒரு 15, 20 நிமிஷம் கழுவணும், அப்புறம்தான் கிளம்பணும். டெல்லி எய்ம்ஸ்ல விஷ முறிவு தகவல் மையம் ஒண்ணு இருக்கு, 1800 116 117, காசு கிடையாது, இந்த நம்பர ஃப்ரிட்ஜ் மேல எழுதி ஒட்டி வச்சிருங்க.

அடுத்தது நெறய வீட்ல நடக்குறது, ஒண்ணுக்கு ரெண்டா சேத்து ஊத்துனா நல்லா பளிச்சுன்னு ஆயிடும்னு நினைக்கிறது. போர் தண்ணி இருக்குற வீட்ல பாத்ரூம் டைல்ஸ்ல உப்புக்கறை படியும், எவ்ளோ தேச்சாலும் போகாது, கோவத்துல டாய்லெட் க்ளீனர ஊத்தி அதுக்கு மேலயே பிளீச்சிங் பவுடரயும் தூவி விட்டு கதவ சாத்துவாங்க. டாய்லெட் க்ளீனர்ல இருக்குறது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட், அது பிளீச் கூட சேந்தா குளோரின் வாயு வரும். கண்ணு எரியும், இருமல் நிக்காது, மூச்சு அடைக்கும். இந்த வாயு காத்த விட ரெண்டரை மடங்கு கனம், அதனால தரையோட தரையா தங்கும், தரையில உக்காந்து விளையாடுற புள்ளையோட மூக்கு இருக்குற உயரமும் அதுதான். ஆசிட்டும் பிளீச்சும் ஒரே நாள்ல ஒரே இடத்துல வேணாம். உப்புக்கறைக்கு பிளீச் ஒண்ணும் பண்ணாது, அது கால்சியம் படிவு, புளிப்பா இருக்குற ஏதாவது ஒண்ணாலதான் கரையும். வெள்ளை வினிகர துணியில நனைச்சு கறை மேல அரை மணி நேரம் ஒட்டி வச்சுட்டு பழைய பல் பிரஷ்ல தேய்ங்க, குழாய் வாய்க்கு பிழிஞ்சு போட்ட எலுமிச்ச மூடியே போதும். நாள்பட்ட கறை ஒரே தடவையில போகாது, வாரத்துக்கு ஒரு தடவ செஞ்சா கொஞ்சம் கொஞ்சமா போயிடும்.

ஆனா இத மொசைக் தரையிலயோ மார்பிள்லயோ கடப்பா கல் மேலயோ பண்ணிடாதீங்க. அதுல சுண்ணாம்புச் சத்து இருக்கு, வினிகர், எலுமிச்ச, புளி எது பட்டாலும் அரிச்சு பாலீஷ் போய் சொரசொரன்னு ஆயிடும், அப்புறம் அந்தச் சொரசொரப்புல அழுக்கு இன்னும் சீக்கிரம் ஏறும். நெறய பழைய வீட்ல கிச்சன் மேடையே கடப்பா கல்தான், பாத்து.

வினிகரயும் சோடா உப்பயும் கலந்து நுரை பொங்க வைக்கிற வீடியோ பாக்காதவங்க இருக்க முடியாது. பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த நுரை அடங்கினதும் ரெண்டும் ஒண்ண ஒண்ணு முறிச்சுக்கிட்டு, மிஞ்சுறது ஏறக்குறைய உப்புத் தண்ணிதான், அதுக்கு கறைய எடுக்குற சக்தி கிடையாது. ரெண்டு பொருளையும் வீணாக்குற வழி அது. தனித்தனியா போடுங்க, டிபன் பாக்ஸ் எண்ணெய்ப் பிசுக்குக்கும் நாத்தத்துக்கும் சோடா உப்பு, உப்புக்கறைக்கு வினிகர்.

இப்போ தரைக்கு வருவோம், ஏன்னா புள்ள பாதி நாள் இருக்குறதே தரையிலதான். வாசம் தூக்கலா இருந்தாதான் சுத்தம்னு மனசுல பதிஞ்சுடுச்சு, ஒரு மூடி ஊத்த வேண்டிய எடத்துல கலகலன்னு நாலு மூடி ஊத்துறோம். கூடுதலா ஊத்துறது தரையில பிசுபிசுன்னு படிஞ்சு நிக்கும், அதுல தூசி வந்து ஒட்டும், மறுநாள் தரை கருத்துப் போன மாதிரி தெரியும், நாம இன்னும் ஒரு மூடி கூட்டுவோம். இதுக்கு நடுவுல புள்ள அந்தத் தரையில கைய ஊனி தவழ்ந்துட்டு அதே கைய வாயில வச்சுக்கும், கீழ விழுந்த முறுக்க எடுத்து திங்கும், பல்லு முளைக்கிற வயசுல கேக்கவே வேணாம். தினமும் துடைக்கிறதுக்கு வெறும் தண்ணியே போதும், எண்ணெய், குழம்பு சிந்தின எடத்துக்கு பாத்திர லிக்விட் நாலு சொட்டு. க்ளீனர் போட்டே ஆகணும்னா பாட்டில்ல போட்டிருக்குற அளவு மட்டும், அப்புறம் நல்ல தண்ணியில ஒரு தடவ துடைச்சு, ஃபேன போட்டு காயவிட்டு, அதுக்கப்புறம் புள்ளைய இறக்கி விடுங்க.

அத விட முக்கியம் மாப்புதான். ஒரே வாளி தண்ணிய வச்சு ஹால், பெட்ரூம், கிச்சன்னு வீடு முழுக்க துடைச்சா கடைசி ரூமுக்கு நாம பூசுறது அழுக்குத் தண்ணிதான், அதுல எவ்ளோ விலை உயர்ந்த க்ளீனர் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. தண்ணி கலங்கினதும் மாத்துங்க, புள்ள விளையாடுற எடத்த முதல்ல துடைங்க, பாத்ரூம் வாசல கடைசில வச்சுக்கோங்க, பாத்ரூமுக்குன்னு தனித் துணி. வேலை முடிஞ்சதும் மாப்ப ஈரத்தோட வாளிக்குள்ளயே நிறுத்தி வைக்காம சோப்பு போட்டு அலசி வெயில்ல காயப் போடணும். பழைய காட்டன் புடவை, பனியன், துண்டுலாம் இருக்கு, கடை மாப்ப விட நல்லாவே உறிஞ்சும், வெட்டி நாலஞ்சு துணியா வச்சுக்கிட்டா மாத்தி மாத்தி துவைச்சுக்கலாம். பெருக்குறப்போ காஞ்ச தரைய வேக வேகமா பெருக்கினா தூசி கிளம்பி புள்ளைங்க மூக்குலதான் ஏறும், வீசிங் இருக்குற புள்ள இருந்தா ஈரத்துணியாலயே எடுத்துருங்க. ஃபேன் றெக்கைக்கு பழைய தலகாணி உறைய மாட்டி இழுத்தா தூசி எல்லாம் உறைக்குள்ளயே விழுந்துடும், கட்டில் மேல கொட்டாது.

அந்த மாப்பு வாளிய பத்தி இன்னொண்ணு சொல்லியே ஆகணும். போன் வந்துச்சு, குக்கர் விசில் அடிச்சுதுன்னு பாதி தண்ணியோட வாளிய நடு ஹால்ல விட்டுட்டு போகாதீங்க. நடை பழகுற வயசுல புள்ளைக்கு தலைதான் கனம், எட்டிப் பாத்து தலைகுப்புற விழுந்தா தானா எந்திரிக்கத் தெரியாது, முகம் முங்குற அளவு தண்ணி இருந்தாலே போதும், சத்தம் கூட வராது. பாத்ரூம்ல தண்ணி பிடிச்சு வைக்கிற பக்கெட், அண்டா எல்லாத்துக்கும் இது பொருந்தும். தண்ணி பிடிச்சு வச்சே ஆகணும்ங்குற வீடுங்கள்ல மூடி போட்டு, பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் மேல ஒரு தாழ்ப்பாள் போட்டுருங்க. செலவு ரொம்பக் கம்மி, இன்னைக்கே செய்ய வேண்டிய வேலை.

புள்ள வாந்தி எடுத்தாலோ வயித்தால போனாலோ அப்படியே மேல டெட்டால ஊத்துறது, பிளீச்சிங் பவுடர தூவுறது எல்லாம் வேஸ்ட்டு. அழுக்கு மேல கிருமிநாசினி வேலை செய்யாது, அதோட சக்தி எல்லாம் அந்த அழுக்குலயே தீந்துடும். முதல்ல பழைய பேப்பர், துணிய வச்சு அள்ளுங்க, சோப்புத் தண்ணியில துடைங்க, அப்புறம்தான் பிளீச். கடைல விக்கிற லிக்விட் பிளீச் 5 சதவீதமா இருந்தா ஒரு லிட்டர் தண்ணிக்கு 20 மில்லி போதும், சுடுதண்ணி வேணாம், பச்சத்தண்ணிதான், 10 நிமிஷம் ஈரமா விட்டுட்டு நல்ல தண்ணியில துடைச்சுருங்க, ஜன்னல் திறந்திருக்கட்டும். கரைச்சது மீந்தா நாளைக்குன்னு எடுத்து வைக்காதீங்க, வீரியம் போயிடும். மத்த சாதாரண நாள்ல வீட்டுக்கு இதெல்லாம் தேவையே இல்ல.

துணி விஷயத்துல ரெண்டு மூணு பழக்கம் மாறணும். பச்சப்புள்ள துணிய தினமும் ஆண்டிசெப்டிக் லிக்விட்ல முக்கி எடுக்குறது, அது சரியா அலசாம துணியில தங்கி தோல்ல சிவந்து தடிப்பு வரும், அத பாத்து வேர்க்குருன்னு பவுடர் போடுவோம். சோப்பு, நல்லா ரெண்டு அலசு, வெயில், அவ்ளோதான். நாப்பித் துணிக்கு வாசனைக்காக கம்ஃபோர்ட் மாதிரி எதுவும் போட்டா துணி ஈரத்த உறிஞ்சுறது குறைஞ்சுடும். அப்புறம் பீரோவுல போடுற அந்துருண்டை, இத புள்ள துணி இருக்குற தட்டுல போடவே கூடாது. ஜி6பிடி குறைபாடுன்னு ஒண்ணு இருக்கு, பொறக்கறப்பவே சில புள்ளைங்களுக்கு இருக்கும், வெளிய தெரியாது, அந்தப் புள்ளைங்களுக்கு அந்துருண்டையில இருக்குற நாஃப்தலீன் வாசம் ஏறின துணிய போட்டாலே ரத்த அணு உடைஞ்சு மஞ்சள் காமாலை வரலாம். முழுங்கிட்டா எந்தப் புள்ளைக்குமே ஆபத்து, பாக்க வேற மிட்டாய் மாதிரியே இருக்கும். பூஜை ரூம் கற்பூரமும் அப்படித்தான், வாயில போட்டு முழுங்கினா வலிப்பு வரும், உயரத்துல வைங்க. அக்கா புள்ள போட்ட துணிய பீரோவுல இருந்து எடுத்து தம்பி புள்ளைக்கு குடுக்குறப்போ துவைச்சு ரெண்டு நாள் வெயில் காட்டிட்டு குடுங்க, அந்துருண்டைக்கு பதிலா காஞ்ச வேப்பிலைய துணி முடிச்சுல கட்டிப் போட்டா போதும்.

கரப்பான் பூச்சிக்கு போரிக் பவுடர சர்க்கரை, மைதா மாவோட பிசைஞ்சு உருண்டை பிடிச்சு மூலையில வைக்கச் சொல்றாங்க, செலவு கம்மிங்குறது நெசந்தான், ஆனா தவழுற புள்ள இருக்குற வீட்ல தரையில இனிப்பு உருண்டை வைக்கலாமா? எறும்பு சாக்பீஸும் பூச்சி மருந்துதான், புள்ளைங்க அத எடுத்து செவுத்துல எழுதும். ராத்திரி சிங்க்ல பாத்திரம் போடாம, அடுப்படிய துடைச்சு, குப்பைய மூடி, ஓட்டை சந்துல வெள்ளை சிமெண்ட் அடைச்சாலே பாதி பூச்சி குறையும். எலி பேஸ்ட்டு மட்டும் வீட்டுக்குள்ளயே வேணாம், அதுல மஞ்சள் பாஸ்பரஸ் இருக்கும், ஈரலயே காலி பண்ணிடும், கூண்டு வச்சுக்கோங்க.

பால் பாட்டில், பாலாடை இதெல்லாம் கழுவாம நேரா கொதிக்கிற தண்ணியில போட்டா பால் ஏடு அப்படியே வெந்து ஒட்டிக்கும். குடிச்சு முடிச்ச உடனே தண்ணியில அலசி, சோப்பு போட்டு உள்ள பிரஷ் விட்டு கழுவி, அப்புறம் கொதிக்க வைங்க. ஸ்கூல் வாட்டர் பாட்டில்ல மூடிக்குள்ள இருக்குற ரப்பர் வளையத்த கழட்டிப் பாருங்க, கருப்பா படிஞ்சிருக்குறது அங்கதான். தண்ணி பீச்சுற ஓட்டை பொம்மையும் உள்ளுக்குள்ள அப்படித்தான் பூஞ்சை பிடிச்சிருக்கும், காய வைக்கவே முடியாது, தூக்கிப் போட்டுருங்க. பாத்திரம் தேய்க்குற ஸ்பாஞ்ச் நாத்தம் அடிச்சும் மாத்தாம இருக்குறதுக்கு பதிலா பீர்க்கங்காய் நாரோ தேங்காய் நாரோ வச்சுக்கலாம், சீக்கிரம் காயும், தேஞ்சா தூக்கிப் போட மனசும் வலிக்காது.

மெத்தையில உச்சா போயிட்டா தண்ணிய ஊத்தித் தேய்ச்சா இன்னும் உள்ள எறங்கும். காஞ்ச துணிய வச்சு அமுக்கி உறிஞ்சி எடுங்க, வினிகர்ல பாதி தண்ணி கலந்து லேசா தெளிச்சு மறுபடி உறிஞ்சுங்க, காஞ்சதும் சோடா உப்ப தூவி ராத்திரி விட்டு காலையில தட்டிட்டு வெயில்ல போடுங்க.

கடைசியா தண்ணி டிரம். டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், அதுவும் தண்ணியில மிதக்கிற மாதிரி இல்ல, தண்ணி நிக்கிற எடத்துக்கு சித்த மேல டிரம் செவுத்துல ஒட்டி வைக்கும். தண்ணிய கொட்டிட்டு அப்படியே புதுசு பிடிச்சா முட்டை அங்கேயேதான் இருக்கும், காஞ்சாலும் மாசக்கணக்குல சாகாது, தண்ணி பட்டதும் பொரிச்சுடும், ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவாயிடும். அதனால வாரத்துக்கு ஒரு நாள், எந்த நாள்னு முடிவு பண்ணிக்கோங்க, டிரம், தொட்டி, பக்கெட் எல்லாத்தையும் காலி பண்ணி உள் செவுத்த தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்ச்சு கழுவுங்க, தேய்க்குறதுதான் முக்கியம். அதே நாள்ல ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்குற தட்டு, பூந்தொட்டிக்கு கீழ வச்ச தட்டு, மொட்டை மாடியில கிடக்குற உடைஞ்ச பொம்மை, தேங்காய் சிரட்டை எதுலயாவது தண்ணி நிக்குதான்னு ஒரு சுத்து பாத்துட்டு கவுத்து வச்சுட்டு வாங்க.