அறுந்த மின்கம்பியை வைத்து எலக்ட்ரான் அமைப்பு படிப்போம்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தேயிலைச் சரிவின் மேலே மின்கம்பி போகிறது. போன மழையில் சில்வர் ஓக் சாய்ந்து அறுந்துபோனதை மாற்ற வந்த லைன்மேன், மிச்சத் துண்டு ஒரு முழம் கொடுத்தார். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல இப்போது அதுதான் எனக்குக் கரும்பலகை.

முதலில் முறுக்கைப் பிரியுங்கள். ஏழு இழை வரும். காந்தம் நடு இழையில் மட்டும் ஒட்டும், அது எஃகு. சுற்றியுள்ள ஆறும் அலுமினியம். கூடவே பழைய வீட்டு ஒயரைச் சீவி ஒரு தாமிர இழை எடுத்துக்கொள்ளுங்கள். (கம்பத்தில் தொங்குவதைத் தொடவே கூடாது.)

அப்புறம் ஒவ்வொரு அணுவிலும் எலக்ட்ரான்களை நிரப்புங்கள். எண் அணுக்கருவைச் சுற்றிய கூட்டையும், எழுத்து அதற்குள் இருக்கும் அறை வகையையும் குறிக்கும். வரிசை: 1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி, 4எஸ், 3டி. எஸ்ஸில் 2, பியில் 6, டியில் 10 வரை அடங்கும். கீழே அடைப்புக்குள் இருப்பது மொத்த எலக்ட்ரான்கள், மேலே தூக்கிய சின்ன எண் அந்த அறையில் எத்தனை என்பது.

அலுமினியம் (13): 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்² 3பி¹
இரும்பு (26): 3பி⁶ வரை நிரம்பி, 3டி⁶ 4எஸ்²
தாமிரம் (29): அதே போல, 3டி¹⁰ 4எஸ்¹

தாமிரத்தில்தான் எல்லோரும் வழுக்குவார்கள். வரிசைப்படி போனால் 3டி⁹ 4எஸ்² வரவேண்டும். ஆனால் டி முழுதாக நிரம்பினால் நிலைப்பு கூடும் என்பதால் 4எஸ்ஸிலிருந்து ஒன்று 3டிக்குள் போய்விடுகிறது. மனப்பாடம் செய்தாலும் தப்பில்லை, நானும் அப்படித்தான் தேறினேன்.

இனி கேள்வி. உலோகத்தில் வெளி எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் உலாவும். அலுமினியம் மூன்று தருகிறது, தாமிரம் ஒன்றுதான். அப்படியானால் அலுமினியம் நன்றாகக் கடத்துமா? இல்லை. தாமிரத்தை 100 என்று வைத்தால் அலுமினியம் 60 சொச்சம், இரும்பு 17 அளவுதான். எத்தனை பேர் என்பதை விட, இடறாமல் எவ்வளவு தூரம் ஓடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. இரும்பின் 3டியில் காலி இடங்கள் உண்டு, ஓடும் எலக்ட்ரான் அதில் சிதறி விழும். தாமிரத்தில் அந்தக் குழி அடைபட்டிருக்கிறது.

பிறகு ஏன் கம்பத்தில் அலுமினியம்? தாமிரத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 8.96 கிராம், இதற்கு 2.7. மலைச்சரிவில் கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்ட எடை குறைந்தால்தான் தோது. இழுவையை நடு எஃகு தாங்கிக்கொள்ளும்.

கடைசியாக ஒரு சோதனை. மோட்டார் ரீவைண்டிங் கடையில் 0.1 மி.மீ. தாமிரக் கம்பி 100 மீட்டர் வாங்குங்கள். நுனிகளைச் சுரண்டி மல்டிமீட்டரில் வையுங்கள். நம் ஊர் விடியலில், 10 டிகிரிக் குளிரில், 205 ஓமை ஒட்டிக் காட்டும். அதே சுருளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு 60 டிகிரி வெந்நீரில் இறக்குங்கள். அணுக்கள் அதிகம் அதிர, எலக்ட்ரான்கள் அதிகம் இடற, எண் மெல்ல ஏறி 245ஐத் தாண்டும்.