எரர் எந்தப் பெட்டிக்குக் கீழே வரணும்?

இணைய ஃபார்மில் வந்த ஆர்டரைச் சேமிக்கும் சர்வீஸ் (அந்த வேலையைச் செய்யும் கோடு) தோற்றுப்போனால் 'சக்சஸ் பொய், மெசேஜ் இது' என்று ஒரே ஒரு வரியை மட்டும் திருப்பித் தராதீர்கள். சர்வீஸ் திருப்பித் தரும் ரிசல்ட் ஆப்ஜெக்டில் எரருக்கு இரண்டு இடம் வேண்டும்: ஃபீல்டு (ஃபார்மில் ஒரு பெட்டி) பெயரோடு ஒட்டியவை ஒன்று, பொதுவானவை இன்னொன்று. வெப் ஃப்ரேம்வொர்க்குகளில் ரெயில்ஸில் பொதுவானதை 'பேஸ்' என்பார்கள், ஜாங்கோவில் 'நான் ஃபீல்டு எரர்ஸ்'.

எது எங்கே போகும்? நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஒரு பெட்டியை மாற்றினால் ஆள் தப்பித்துவிடுவாரா? சிங்கப்பூரில் ஒருவர் வாய்ட் டெக் (அடுக்குமாடிக் கட்டடத்தின் திறந்த தரைத்தளம்) விருந்துக்கு கேட்டரிங் ஆர்டர் செய்கிறார் என்று வையுங்கள். போஸ்டல் கோடு 210665 என்று 6 இலக்கம் இருக்கவேண்டிய இடத்தில் 5 இலக்கம் மட்டும் அடித்துவிட்டால் அது அந்தப் பெட்டியின் தவறு, அங்கேயே சிவப்பாகக் காட்டுங்கள். '30 பேருக்குக் குறைந்தால் டெலிவரி இல்லை' என்பதில் ஆள் கணக்கை மாற்றலாம், நேரில் வந்தும் எடுத்துக்கொள்ளலாம், எந்தப் பெட்டியைத் திட்டுவது? பொதுவில் போடுங்கள். பணம் கட்டும் பேநவ் பக்கம் பதில் வராமல் டைம் அவுட் ஆனாலும் பொதுதான்.

டேட்டாபேஸ் விழுந்தது, கோடில் பக், இதெல்லாம் இந்த ஆப்ஜெக்டுக்குள் வரவே கூடாது. எல்லா எக்ஸெப்ஷனையும் (கோடு ஓடும்போது எழும் எதிர்பாராத தவறு) பிடித்து 'ஏதோ தவறு' என்று பொது எரராக மாற்றினால் 500 (சர்வர் தவறு) வரவேண்டிய இடத்தில் 422 (அனுப்பிய விவரத்தில் தவறு) போகும், அலாரம் அடிக்காது, நீங்களும் நிம்மதியாகத் தூங்குவீர்கள், திங்கள் காலை வரைக்கும். அதை மேலே போக விடுங்கள், வெளி அடுக்கு பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், எரருக்குள் வாக்கியத்தை வைக்காமல் 'டூ ஷார்ட்' மாதிரி ஒரு குறியையும் அதற்குரிய எண்ணையும் (இங்கே 6) வையுங்கள். சிங்கப்பூரில் ஆட்சி மொழியே 4, வாக்கியத்தைத் திரை பார்த்துக்கொள்ளட்டும். டெஸ்ட்டும் குறியைத்தான் பார்க்கணும், இல்லாவிட்டால் யாராவது ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும் உடையும்.

நான் பட்டது ஒன்று. சர்வீஸ் 'போஸ்டல் கோடு' என்றது, ஃபார்ம் அதையே 'போஸ்ட்கோடு' என்றது, எரர் எங்கேயுமே தெரியவில்லை. பட்டனை அழுத்தினால் சும்மா இருக்கிறது என்று கடை ஆன்ட்டி மூன்று முறை போன் செய்தார், நான் மூன்று முறையும் ரிஃப்ரெஷ் பண்ணச் சொன்னேன். இப்போது ஃபார்முக்குத் தெரியாத பெயரில் எரர் வந்தால் பொதுப் பட்டியலில் கொட்டிவிடுகிறேன், பார்க்க அழகாக இருக்காது, ஆனால் கண்ணுக்குத் தெரியும்.